பீப்பாய்க்குள் மிஞ்சிய கரும்பு

ஒரு புட்டியின் லேபிளிலிருந்து தொடங்குகிறேன். கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மர்தினிக் தீவின் வடக்கிலுள்ள ஒரு வடிசாலையின் அக்ரிகோல் ரம் அது, அதாவது கரும்புச்சாற்றிலிருந்து நேராக வடித்தது. அறுவடை ஆண்டு 2009. புட்டியில் அடைத்தது 2020. பீப்பாய் எண் பேனாவால் எழுதியிருக்கிறது. அளவு 500 மில்லி. மொத்தம் 154 புட்டிகள், என் கைக்கு வந்தது 61வது. வலு 52.4 சதவீதம். தண்ணீர் சேர்க்காமல், பீப்பாயில் இருந்தபடியே அடைத்தது என்று கீழே ஒரு வரி.

வடிசாலையின் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றைப் பீப்பாய் ரம்மில் அந்த 154 புட்டிகள் தீர்ந்தால் அந்த ரம்மே தீர்ந்தது. அதே வடிசாலை, அதே ஆண்டு, பக்கத்துப் பீப்பாய் என்று தேடி வாங்கினாலும் ருசி வேறாக இருக்கும். அதனால் எதை வாங்குவது என்று சொல்வதைவிட, கிளாஸில் ஊற்றியதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்வதுதான் பயன். நான் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இத்தனை வருஷம் மரத்தில் கிடந்த பிறகு, கரும்பு எங்கே?

நம் ஊரில் ரம் என்றதும் நினைவுக்கு வருவது ஓல்டு மாங்க் போன்ற கறுத்த, இனிப்பு வாடை வீசும் சரக்கு. அது மொலாசஸிலிருந்து வருவது. சர்க்கரை ஆலையில் சாற்றைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி, இனி சர்க்கரை பிரியாது என்ற கட்டத்தில் மிஞ்சும் கறுப்புக் கழிவுப்பாகுதான் மொலாசஸ். உலகத்தில் வடிக்கும் ரம்மில் மிகப் பெரிய பங்கு இதிலிருந்துதான் வருகிறது. அக்ரிகோல் ரம்முக்குச் சர்க்கரை ஆலை தேவையில்லை. கரும்பை வெட்டி, பிழிந்து, அந்தப் பச்சைச் சாற்றையே ஊறல் போட்டு வடிக்கிறார்கள். ‘அக்ரிகோல்’ என்றால் பிரெஞ்சில் விவசாயம் சார்ந்தது என்று பொருள்.

மூலப்பொருள் மாறுவதால் தொழிலே மாறிப்போகிறது. மொலாசஸைத் தொட்டியில் மாதக்கணக்கில் வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், கரும்பே விளையாத நாட்டில் இறக்கி ரம் வடிக்கலாம். சாறு அதற்கெல்லாம் இடம்கொடுக்காது. பிழிந்த சில மணி நேரத்திலேயே தானாகப் பொங்கத் தொடங்கும். வெட்டிய கரும்பும் காத்திருக்காது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் லாரியிலேயே இரண்டு நாள் காய்ந்தால் எடையும் போகும், பிழிதிறனும் இறங்கும் என்பதை நம் கரும்பு விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் அக்ரிகோல் வடிசாலை வயலை ஒட்டியே இருக்கிறது. அறுவடை நடக்கும் மாதங்களில் மட்டும் அடுப்பு எரிகிறது. ரம் லேபிளில் அறுவடை ஆண்டைப் போடுவதற்கு உண்மையான அர்த்தம் இருப்பதும் இதனால்தான். அந்த ஆண்டின் மழையும் வெயிலும் சாற்றில் இருக்கின்றன.

பீப்பாயில் போகாத வெள்ளை அக்ரிகோல் ரம்மை முகர்ந்தால் மூலப்பொருளின் வித்தியாசம் உடனே தெரியும். ரோட்டோரக் கரும்புச்சாறு வண்டியில் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ப்பதற்கு முன்னால், உருளையில் கரும்பு நசுங்கும் நொடியில் ஒரு பச்சை வாடை எழுமே, அதுதான் முதலில் வரும். பின்னாலேயே வெள்ளை மிளகின் காரமும், உப்பில் ஊறிய நார்த்தங்காயின் நெடியும். முதல் முறை முகர்பவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள், ரம் இனிப்பாக மணக்கும் என்று நினைத்திருப்பதால். அந்தப் பச்சையைத்தான் பழைய ரம்மிலும் நான் தேடுகிறேன்.

இந்த முறை ருசிக்காகத் தொடங்கியதல்ல, சர்க்கரை விலை விழுந்ததால் வந்தது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பீட்ரூட் சர்க்கரை பெருகியது. 1880களில் விலை சரிந்தபோது கரீபியத் தீவுகளின் சிறு தோட்டங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வயலில் கரும்பு நிற்கிறது, சர்க்கரை ஆக்கினால் நஷ்டம். சாற்றை நேராக ரம்மாக வடிப்பது ஒரு வழியாகத் தெரிந்தது. மருத்துவரும் அரசியல்வாதியுமான ஓமேர் க்ளேமான் 1887இல் மர்தினிக்கின் லெ பிரான்சுவா ஊரில் ‘அக்காஜூ’ தோட்டத்தை வாங்கி இந்த வழியில் போனார். அக்ரிகோல் ரம்மின் முன்னோடிகளில் அவர் பெயர் முதலில் வரும்.

அந்தக் காலத்தில் தீவின் ரம் தலைநகரம் சேன் பியேர் துறைமுகம். அங்கே வடித்தது பெரும்பாலும் மொலாசஸ் ரம். 1902 மே 8ஆம் தேதி காலை பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் அந்த நகரமே அழிந்தது. ஏறக்குறைய 30,000 பேர் இறந்தார்கள். கிடங்குகளில் இருந்த ரம்மும் தீயோடு சேர்ந்து எரிந்தது. நகரத்து வடிசாலைகள் போனபின் கிராமத்துத் தோட்டங்களின் கை ஓங்கியது. பிறகு முதல் உலகப் போர் வந்து பிரெஞ்சுப் படைக்கு ரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. போர் முடிந்ததும் சரக்கு தேங்கி, 1922இல் பிரான்ஸ் ஒவ்வொரு வடிசாலைக்கும் ஒதுக்கீடு நிர்ணயித்தது. பாதுகாப்பாகச் சரக்கை மரத்தில் வைத்து முதிரவிடுவதற்கு, விற்க முடியாமல் தேங்கியதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நூற்றாண்டுகளாக வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கூலிக்கு ஆள் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கேட்க, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே 6 அன்று, முந்நூற்றுச் சொச்சம் பேரோடு அதே சேன் பியேர் துறைமுகத்தில் கரைசேர்ந்தது. அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் மர்தினிக்குக்கு மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் போனார்கள், இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு 40,000க்கும் மேல். பெரும்பாலோர் தமிழர். மொழி போய்விட்டது. சாமிகள் போகவில்லை. மாரியம்மன் அங்கே மரியெமென், மதுரை வீரன் அங்கே மால்தெவிலின். படையலில் நம் ஊரில் சாராயம் இருக்கும் இடத்தில் அங்கே ரம் இருக்கும். ‘கொலொம்போ’ என்று தீவு முழுக்கச் சமைக்கும் மசாலாக் கறியின் பெயர் நம் குழம்பிலிருந்து வந்தது என்றே பரவலாகச் சொல்கிறார்கள். தீவின் வடகோடியில் பாஸ் பொவாந்த், மக்கூபா வட்டாரங்களில் கரும்பும் ரம்மும் தமிழ் வம்சாவளியும் ஒரே மண்ணில் இருக்கின்றன.

விதிமுறைக்கு வருகிறேன். 1996 நவம்பரில் மர்தினிக்கின் அக்ரிகோல் ரம்முக்கு பிரான்ஸ் தன் ஒயின்களுக்குத் தரும் அதே தோற்றச் சான்றை வழங்கியது. நம் புவிசார் குறியீட்டைவிடப் பல மடங்கு இறுக்கமானது. எந்த ஊர்க் கரும்பு, எந்த ரகம் என்பதெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எக்டேருக்கு 120 டன்னுக்கு மேல் விளைச்சல் கூடாது. ஏக்கர் கணக்கில் அது 48 டன் சொச்சம். அறுவடை ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்குள். சாற்றில் சர்க்கரைச் செறிவு குறைந்தது 14 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 14 கிராம் இருக்க வேண்டும். ஊறலின் வலு 7.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ‘வியூ’, அதாவது பழையது என்று லேபிளில் போட, 650 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும். 4 ஆண்டுக்கும் 6 ஆண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

இந்த விதிகளில் ருசியை மிக அதிகமாகத் தீர்மானிப்பது வடிக்கும் முறை. ஒரே ஒரு நெடுங்கோபுரம். இட்லிக் கொப்பரையில் தட்டுகளை அடுக்கியதுபோல உள்ளே தட்டுகள் அடுக்கியிருக்கும். மேலிருந்து ஊறல் தட்டுத் தட்டாக இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும். ஏறும் நீராவி சாராயத்தையும் மணங்களையும் பிடுங்கிக்கொண்டு மேலே போகும். உச்சியில் செம்புத் தட்டுகள். செம்பு கந்தக நாற்றத்தை எடுத்துவிடும். நீராவிக்கு எரிபொருள் கரும்புச் சக்கைதான், வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கொப்பரைக்கு அடியில் சக்கையைத் தள்ளுவதுபோல. வெளியே வரும் சரக்கு 65 முதல் 75 சதவீத வலுவுக்குள் இருக்க வேண்டும். இந்த எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. பல கோபுரங்களை வரிசையாக வைத்து 96 சதவீதம் வரை சுத்தம் செய்தால் எந்தப் பொருளிலிருந்து வந்தது என்றே தெரியாத வெறும் சாராயம் கிடைக்கும். 70 சதவீதத்தில் நிறுத்தினால் பழ மணம் தரும் எஸ்டர்கள், அமிலங்கள், கனமான ஆல்கஹால்கள் என்று கரும்பின் கையெழுத்து அப்படியே கூட வரும். அடையாளம் தொலையாமல் இருக்க, தூய ஆல்கஹால் 100 லிட்டருக்குக் குறைந்தது 225 கிராம் மணப்பொருள்கள் வெள்ளை ரம்மில் இருக்க வேண்டும் என்றே விதி. பழைய ரம்முக்கு 325 கிராம்.

இப்போது பீப்பாய். அமெரிக்காவில் பர்பன் விஸ்கியை உட்புறம் கரியாகச் சுட்ட புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய்கள் அங்கே ஏராளமாக மிஞ்சுகின்றன, கரீபியத்துக்கு வருகின்றன. பிரெஞ்சு ஓக்கும் பயன்படுகிறது. அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் அதிகம், அது தேங்காய் மணம் தரும். பிரெஞ்சு ஓக்கில் துவர்ப்பு அதிகம். இரண்டிலும் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து வெனிலா மணமாகிறது. கிராம்பில் இருக்கும் அதே யூஜெனாலும் ஓக்கில் இருக்கிறது. ஆக, பழைய ரம்மில் நாம் முகரும் வெனிலா, தேங்காய், கிராம்பு மூன்றும் பெரும்பாலும் மரத்தின் வேலை. விஸ்கியிலும் பிராந்தியிலும்கூட அவை இருக்கும். அவற்றை மட்டும் கொண்டு ஒரு ரம்மை நல்ல ரம் என்று சொல்லிவிட முடியாது.

லேபிளில் இருந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 154 புட்டி, ஒவ்வொன்றும் 500 மில்லி. மொத்தம் 77 லிட்டர். பீப்பாய் 200 லிட்டர். பதினோரு வருஷத்தில் 123 லிட்டர் காற்றோடு போயிருக்கிறது. ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். தேவதைகளின் பங்கு என்று வடிசாலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பிரான்சின் கோன்யாக் பிராந்திக் கிடங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகும், அந்தக் கணக்கில் பதினோரு ஆண்டுக்குப் பிறகும் 160 லிட்டர் மிஞ்சியிருக்கும். ஆவியாகும் வேகம் மட்டுமல்ல, வெப்பத்தில் மரத்திலிருந்து சாரம் இறங்கும் வேகமும் கூடுகிறது. ஆகவே மர்தினிக்கில் பதினோரு வருஷம் என்பதை ஐரோப்பாவின் பதினோரு வருஷத்தோடு ஒப்பிட முடியாது.

அந்த 77 லிட்டர் இன்னொன்றையும் சொல்கிறது. பல வடிசாலைகளில் ஆவியாகிக் குறைந்த பீப்பாயை அதே ஆண்டின் சரக்கைக் கொண்டு அவ்வப்போது நிரப்பிவைப்பார்கள். உள்ளே காற்றிடம் பெருகினால் சரக்கு காற்றோடு அதிகம் வினைபுரியும், அதைக் கட்டுப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. இந்தப் பீப்பாயை நிரப்பியிருந்தால் இவ்வளவு குறைந்திருக்காது. இதைத் தனியாக விட்டிருக்கிறார்கள். பாதிக்குமேல் காலியான கலனில் கடைசி ஆண்டுகளைக் கழித்திருக்கிறது. வாதுமை, காய்ந்த பழம், பழைய புகையிலை போன்ற மணங்கள் வரும் என்று ஊற்றும் முன்பே எதிர்பார்க்கலாம்.

வலுவும் ஒரு தடயம். வறண்ட கிடங்கில் தண்ணீர் வேகமாக வெளியேறும், சாராயத்தின் வலு கூடும். ஈரக்காற்று நிறைந்த கிடங்கில் சாராயம் முந்திக்கொண்டு போகும், வலு இறங்கும். மர்தினிக்கின் வடபகுதி மழை கொட்டும் இடம். இந்தப் பீப்பாய் 52.4 சதவீதத்துக்கு இறங்கி நிற்பதில் அந்த ஈரத்துக்கும் பங்கு இருக்கலாம்.

வழக்கமான பழைய ரம் பல பீப்பாய்களின் கலவை. கிடங்கின் பொறுப்பாளர் ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடுவார். இது துவர்க்கிறதா, இளசான ஒன்றைச் சேர். மணம் போதவில்லையா, எஸ்டர் மிகுந்த ஒன்றைச் சேர். போன ஆண்டு வாங்கியவருக்கு இந்த ஆண்டும் அதே ருசி கிடைக்க வேண்டுமே. அது பெரிய திறமை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒற்றைப் பீப்பாயில் அப்படி மூட வழியில்லை. ஒரே நாள் வடித்த சரக்கை அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பீப்பாய்களில் ஊற்றினாலும் மர இழையின் நெருக்கம், உள்ளே முன்பு இருந்தது என்ன, கிடங்கில் எந்த உயரம் என்பதைப் பொறுத்துப் பத்தாண்டில் இரண்டும் வெவ்வேறாகிவிடும்.

இந்தப் புட்டியைத் திறந்தது பாரிஸின் வடக்குப் புறநகரில் ஒரு நண்பர் வீட்டில். அவர் பாஸ் பொவாந்தில் பிறந்தவர். முன்னோரில் ஒரு கிளை காரைக்காலில் கப்பலேறியது. வயதில் என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். அடிபருத்து வாய் குறுகிய சின்ன கிளாஸில் 20 மில்லிக்கு மேல் ஊற்றவில்லை. நான் கையில் எடுத்ததும் தடுத்தார். “பதினோரு வருஷம் அது காத்திருந்தது. பதினோரு நிமிஷம் உன்னால் முடியாதா?” வருஷத்துக்கு ஒரு நிமிஷம் என்பது அந்த வட்டாரத்தில் பழகிய கணக்கு. அதில் காரணமும் இருக்கிறது. ஊற்றியவுடன் எழும் சாராய ஆவி மூக்கை மரத்துப்போகச் செய்யும். கொஞ்சம் காற்றாட விட்டால் அந்தக் காரம் அடங்கி, பின்னால் நிற்பவை முன்னே வரும்.

நிறம் பழைய தேக்குக் கதவின் நிறம். கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தியதும் உட்சுவரில் கோடுகள் மெதுவாக இறங்கின. மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி, விளிம்புக்கு மேலே வைத்து முகர்ந்தேன். முதலில் மரம்தான். தேங்காய் பர்பி, கிராம்பு, பிறகு பூட்டிவைத்த மரப்பெட்டியைத் திறந்தால் வரும் அடைபட்ட வாடை. அதன்பின் வெயிலில் காயவைத்த ஆரஞ்சுத் தோல். நான்கைந்து நிமிடம் கழித்துப் புகையிலை, புகையாத பச்சைப் புகையிலைக் கட்டின் இனிப்பு. எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் கரும்பைக் காணவில்லை. இது மரம் தின்ற ரம் என்றே அப்போது நினைத்தேன்.

சொட்டளவு நாக்கில் வைத்ததும் அபிப்பிராயம் மாறத் தொடங்கியது. இனிப்பே இல்லை. வெனிலாவை முகர்ந்த மூக்கு இனிப்பை எதிர்பார்க்கும், நாக்கில் இறங்குவதோ காய்ந்த, மிளகுக் காரம். வடித்த சாராயத்தில் சர்க்கரை கிடையாது, கரும்பின் இனிப்பு முழுவதும் ஊறலிலேயே சாராயமாகிவிட்டது. இனிப்பான ரம் குடித்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். அவர்கள் குடித்ததில் பலவற்றில் இனிப்பு பின்னால் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றிய விதியிலேயே பொதுவான ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்புச் சேர்க்க இடமிருக்கிறது.

இருபது நிமிடம் ஆனபின் நண்பர் ஸ்பூனால் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டார். அதற்குப் பிறகுதான் நான் தேடியது வந்தது. முதலில் கரும்புத் தோகை, வெட்டிய அன்று மாலை வயலோரம் குவித்துக் கிடக்கும் தோகையின் வாடை. தொடர்ந்து உப்பு நார்த்தங்காய், கொஞ்சம் கொய்யா. வெள்ளை ரம்மில் முகத்தில் அறையும் அதே பச்சை, இங்கே அடங்கிய குரலில். ஒரு சொட்டுத் தண்ணீர் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் விஸ்கியை வைத்துக் கணினியில் இதைப் பார்த்தார்கள். வலு மிகுந்த கலவையில் குவயகோல் போன்ற மண மூலக்கூறுகளைச் சாராயம் சூழ்ந்து உள்ளேயே பிடித்துவைக்கிறது. தண்ணீர் சேர்த்து வலு இறங்கினால் அவை மேற்பரப்புக்கு ஏறுகின்றன, மூக்குக்கு எட்டுகின்றன. அவர்கள் ஆராய்ந்தது ரம் அல்ல. ஆனால் கிளாஸில் நான் கண்டது அதோடு ஒத்துப்போகிறது. ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டினால் எல்லாமே வெளிறிவிடும். சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து, எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

விழுங்கிய பிறகு வாயில் தங்கும் ருசியைத்தான் நான் அதிகம் நம்புவேன். இதில் முதலில் மிளகு, பிறகு காப்பிக்கொட்டை, கடைசியில் ஈறுகளில் ஒரு துவர்ப்பு. கொதித்துப்போன தேயிலையின் துவர்ப்பு அளவுக்கு வந்து நின்றது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் கடுக்காய் ஆகியிருக்கும். என் கணிப்பில் இந்தப் பீப்பாயை ஒன்பதாம் ஆண்டில் இறக்கியிருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விளிம்பில் நிற்பதுதான் இதன் அழகு என்றார். மறுபடி முகர்ந்து பார்த்தோம், மறுபடியும் ஒப்புக்கொள்ளவில்லை.

வயதைப் பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் லேபிளில் வயதை மட்டும் பார்த்து, ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்து இருபதாண்டை நெருங்கிய ஒரு புட்டி வாங்கினேன். விற்றவர் அதைவிட உயர்ந்தது கடையில் இல்லை என்றார். திறந்தால் மரம், மரம், மேலும் மரம். தண்ணீர் விட்டும் வேறொன்றும் வரவில்லை. அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெப்பமண்டலத்தில் இருபதாண்டு தாங்கும் பீப்பாய்கள் உண்டு, ஆனால் அவை குறைவு. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பயன்படுத்திய பழைய பீப்பாய், சாரம் இறங்கித் தீர்ந்த மரம், அல்லது கூர்ந்து கவனித்துச் சரியான நேரத்தில் கண்ணாடிக் கலனுக்கு மாற்றும் கை இருந்தால்தான் அது முடியும். ஆறிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் இருப்பவற்றில்தான் கரும்பும் மரமும் பேசிக்கொள்வதை அதிகம் கண்டிருக்கிறேன்.

ஆகவே கடையில் புட்டியைக் கையில் எடுத்தால் வயதுக்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்கிறேன். எங்கே முதிர்ந்தது? வடித்தது தீவில், ஆனால் இரண்டு மூன்று ஆண்டிலேயே பீப்பாயோடு ஐரோப்பாவுக்கு ஏற்றி, மிச்ச வருஷங்களைக் குளிர்க் கிடங்கில் கழித்த ரம்கள் இருக்கின்றன. அவை தாழ்ந்தவை அல்ல, ஆனால் வயதை அப்படியே ஒப்பிடக்கூடாது. அறுவடை ஆண்டும் அடைத்த ஆண்டும் இரண்டும் இருக்கின்றனவா? வேறு பாணி ரம்கள் சிலவற்றில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் கலவையிலுள்ள மிக முதிய பங்கின் வயதாக இருக்கும், மர்தினிக் விதியிலோ இளையதன் வயதுதான் கணக்கு. எத்தனை புட்டி, எவ்வளவு வலு என்று எழுதியிருந்தால் மேலே போட்டதுபோல ஒரு கணக்குப் போடலாம். கரும்பு ரகத்தையும் சிலர் எழுதுகிறார்கள். ‘நீலக் கரும்பு’ என்று மர்தினிக்கில் கொண்டாடுவது பார்படோஸில் உருவாக்கிய பி 69.566 என்ற ரகம். தண்டில் நீலம் பூத்த சாம்பல் படிந்திருக்கும். சாறு மணமானது என்று பெயர். பதினோரு வருஷ மரத்துக்குப் பிறகு ரகத்தைக் கண்டுபிடிக்கும் மூக்கு எனக்கு இல்லை, வெள்ளை ரம்மில் கண்டுபிடிக்க முடிகிறது.

அதனால் பழைய அக்ரிகோலை முதல் முறை சுவைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, அதே வடிசாலையின் வெள்ளை ரம்மையும் பக்கத்தில் ஒரு கிளாஸில் ஒரு மடக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதை முதலில் முகர்ந்து மனசில் பதித்துக்கொண்டு பழையதற்கு வந்தால், மரத்துக்கு அடியில் எதைத் தேடுவது என்று மூக்குக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 40 மில்லி போதும். ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் மணம் எழும்பாது, துவர்ப்பு மட்டும் கூடும்.

திறந்த புட்டியை நிற்கவைத்தே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் இந்த வலுவுள்ள சாராயம் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால் சின்ன புட்டிக்கு மாற்றிவிடுங்கள், காற்று புகுந்தால் முதலில் போவது அந்தப் பச்சைதான்.

அன்று இரவு நண்பர் கிளாஸ்களைக் கழுவவில்லை. சமையலறை மேடையில் அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் காப்பிக்கு முன் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அடியில் ஈரம் காய்ந்து பழுப்பாக ஒரு வளையம். சாராயம் முழுக்கப் போய்விட்டது. தேங்காய், கிராம்பு எதுவும் இல்லை. வெயிலில் காய்ந்த கரும்புச் சக்கையின் வாடை மட்டும் இருந்தது.